அடைத்த கதவும் அட்சய பாத்திரமும்

பாலிகஞ்சில் வாழும் நமக்குப் பசி என்பது ஏட்டுச் சொல் மட்டுமன்று. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் சிற்றூர்களினின்று இந்நகரை வந்தடைந்தோர், சோறு கேட்கவும் துணியாது, வீட்டு வாயில்களில் நின்று வடிகஞ்சியை இரந்தனர். உணவின் குறைவினும், உணவைப் பெறும் ஆற்றலை எளியோர் இழந்ததே அப்பஞ்சத்தின் பெருங்காரணம் என 1981-இல் வெளிவந்த தம் நூலில் அமர்த்தியா சென் வாதிட்டார். அவ்விழப்பு உள்ளத்தை என்செய்யும் என்பதை நம் புலவர் முன்னரே ஆராய்ந்துள்ளனர்.

மணிமேகலையில் சாத்தனார் பசியைப் பிணியென்றே அழைக்கிறார். குடிப்பெருமை, நாணம், அழகு ஆகியவற்றோடு, கரைசேர்க்கும் தெப்பமான கல்வியையும் அது கைவிடச் செய்யும் என்கிறார். மாணவர் வயிற்றை அறிந்த உள்ளமே இவ்வாறு எண்ணவியலும். எனினும் அவர் கூறும் மருந்து அள்ளக் குறையாத அமுதசுரபி; அது காப்பிய உலகிற்கே உரியது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பட்டியல் எதுவும் தரவில்லை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பரென நாணிக் கதவடைத்து, சுற்றத்தோடு உண்ணும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். வள்ளல் நல்லியக்கோடனின் கொடையைச் சிறப்பிக்கவே இவ்வறுமை கூறப்பட்டது என்பர். உண்மையே; ஆயினும் நம் நெஞ்சில் நிலைப்பது கொடையன்று, அக்கதவே. உப்பில்லாமை நாவின் துன்பம். கதவடைத்தல் உள்ளத்தின் துன்பம். இவ்விரண்டையும் ஒரே காட்சியில் அமைத்தமையால், இவ்விடத்து நத்தத்தனார் சாத்தனாரினும் ஆழ்ந்து செல்கிறார் என்பது நம் துணிபு.

அக்கதவு இன்றும் அடைபட்டே உள்ளது. வாடகை அறையில் ஒருவேளை உண்டு பயிலும் பிள்ளை, ஊரிலுள்ள தாயிடம் "சாப்பிட்டாயிற்று" என்கிறான். மாதக் கடைசியில் விருந்தினர் வருகைக்கு அஞ்சும் இல்லத்தரசி, கோயிலுக்குப் புறப்படுவதாகக் கூறுகிறாள். பசியை மறைக்கும் முயற்சியே தனிமையாகவும் துயிலின்மையாகவும் வளர்கிறது.

தமிழகத்தில் 2022-இல் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தின் மாண்பு, ஏழையென எவரையும் பிரித்துக் காட்டாமையே. ஒரே பந்தியில் நாணத்திற்கு இடமில்லை.

நம் சங்கங்களும் பொங்கல் பந்தியோடு அமையாது, ஆண்டு முழுவதும் அத்தகைய பந்தியை விரித்தல் வேண்டும். அமுதசுரபி நம்மிடம் இல்லை. கதவைத் தட்டும் கை உண்டு. தட்டுங்கால் "உதவ வந்தோம்" என்னாது, "உண்ண வாருங்கள்" என்போமாக.