கண் அளக்கும் ஒலி

திரைப்படத்தின் உரையாடல், இசை, பிற ஒலிகள் ஆகிய மூன்றையும் இணைத்து இறுதி வடிவம் தருமிடம் ஒலிக்கலவைக் கூடமாகும். அங்குள்ள மேசையில் முன்னாளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும், முள்ளசைந்து அளவு காட்டும் மானிகளுமே இருந்தன. இந்நாளிலோ காட்சித்திரைகள் வரிசையாக ஒளிர்கின்றன. திரை தெளிவாக இருப்பின் கலவையும் தெளிவாக அமையும் எனக் கருதுவார் உளர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என ஈண்டு ஆராய்வோம்.

திரையால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. 1939-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த வி.யூ. மானியின் முள், உரிய அளவை எட்ட ஏறத்தாழ 300 மில்லிநொடி கொள்ளும். ஆதலால் முரசின் ஒற்றை அறை போன்ற குறுகிய ஒலியை அது குறைத்தே காட்டும். இன்றைய திரை அக்குறையைப் போக்கிவிட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை, ஒரு நிகழ்ச்சி முழுமைக்குமான ஒலியுரப்பை −23 எல்.யூ.எஃப்.எஸ். என வரையறுத்தது. விளம்பரம் வந்ததும் தொலைக்காட்சி அலறும் தொல்லையைத் தணிக்க அதனால் வழி பிறந்தது.

ஆயினும், அளவு வேறு, பொருள் வேறு. நிகழ்ச்சி முழுமைக்கும் பொதுவான அவ்வெண், ஒரு சொல் இசையில் அமிழ்ந்ததா, செவிக்கு எட்டியதா என்பதைக் கூறாது. சீரும் தளையும் வழுவாத வெண்பாவிலும் ஓசை நயம் இல்லாது போதல் உண்டு என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அலகிடுதல் வேறு, சுவைத்தல் வேறு அன்றோ?

மேலும், கலவையாளர் உரையாடலைப் பன்முறை கேட்டவர். வரவிருக்கும் சொல்லின் அலைவடிவத்தையும் திரையில் முன்னரே காண்கிறார். கண் அறிந்ததைச் செவி கேட்டதாக அவர் மயங்குதல் எளிது. அரங்கில் அமர்ந்திருப்போர்க்கோ அவ்வுதவி இல்லை.

2014-இல் வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் உரையாடல் சிலவிடங்களில் விளங்கவில்லை எனப் பலர் குறைகூறினர். இயக்குநர் கிறிஸ்டபர் நோலன், உரையாடலையும் ஓர் ஒலியாகவே கருதித் தாம் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்ததாக விடையிறுத்தார். இவ்வழக்கைத் தீர்க்க எந்த மானியாலும் இயலாது. செவியும் கலையுணர்வுமே அதற்கு நடுவர்.

மற்றொரு குறை, மேசையில் படங்காட்டும் திரையின் காலத்தாழ்வு. மின்னல் முந்த இடி பிந்துதல் இயற்கை. ஆதலின் ஒலி பிந்துதலைப் பொறுக்கும் மனம், முந்துதலை அத்துணை பொறாது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலும், 125 மில்லிநொடி பிந்தினாலும் காண்போர் உணர்வர் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் குறித்த அளவு. நொடிக்கு 24 படங்கள் ஓடுங்கால் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 42 மில்லிநொடி ஆகும். எனவே திரை இரண்டு படம் தாழ்த்துக் காட்டின், சரியான ஒலியும் முந்தியதாகத் தோன்றும். அதனை நம்பி ஒலியைப் பின்தள்ளுவோர், சரியானதைக் கெடுத்தவராவர். தாழ்வை அளந்து, ஒலிபெருக்கிக்கும் அதே தாழ்வை அளித்தலே இதற்கு மருந்து.

ஆகவே, திரையை அதன் அகலத்தாலும் வண்ணத்தாலும் மதித்தல் தகாது. காலம் தாழாமை அதன் முதற்பண்பு. வேண்டும்பொழுது அணைத்துவைக்க இயலுதல் அடுத்த பண்பு. கலவை முடியுமுன் அளவு காட்டும் திரைகளை அணைத்துவிட்டு, உரையாடலை முன்பு கேளாத ஒருவரை அமர்த்திக் கேட்கச் செய்தல் நலம். சொல் விளங்கவில்லை என அவர் கூறின், அது கருதிச் செய்ததா, கவனியாது நேர்ந்ததா என இயக்குநர் அங்கேயே முடிவு செய்யலாம். படம் அரங்கிற்கு வந்தபின் அவ்வாய்ப்பு அரிது.