வழக்குரை காதையில் முறையீடும் குற்றச்சாட்டும்

இராயப்பேட்டையில் முதுகலை மாணவர்க்குச் சிலப்பதிகாரம் பயிற்றுங்கால், 'வழக்குரை காதையில் குற்றம் சாட்டுபவர் யார்? சாட்டப்படுபவர் யார்?' என ஒரு மாணவர் வினவினார். கண்ணகி சாட்டுகின்றாள், பாண்டியன் சாட்டப்படுகின்றான் என்பது எளிய விடை. ஆயினும் அவ்விடை காப்பியத்தின் உயிர்நிலையைத் தொடவில்லை. 'குற்றஞ் சாட்டுதல்' என்னும் இக்காலச் சொல்லைக் கொண்டே அக்காதையை அளக்க முற்படுவதுதான் இடர்ப்பாட்டிற்குக் காரணம் என்பது என் கருத்து.

சாட்டுதலாவது ஒன்றைப் பிறர்மேல் ஏற்றுதல். பொறுப்பைச் சாட்டுதல், பழியைச் சாட்டுதல் என்னும் வழக்குக்களை நோக்குக. இச்சொல்லில் ஏற்றுபவனும் ஏற்கப்பெறுபவனும் மட்டுமே உளர், நடுவர்க்கு இடமில்லை. முறையிடுதலோ அத்தன்மைத்தன்று. முறை என்பது நீதி. நீதியை நோக்கிக் கூவுதலே முறையீடு. கேட்பான் ஒருவன் இன்றி அது நிகழாது. ஈழத்துத் தமிழர் இன்றும் காவல் நிலையத்தில் அளிப்பதனை 'முறைப்பாடு' என்றே வழங்குவர். நம்மிடையே வழங்கும் பிராது பாரசீக வழிவந்தது. புகார் இந்துத்தானி வழிவந்தது. பின்னதற்கும் கண்ணகி பிறந்த ஊர்ப் பெயருக்கும் ஒலியொப்புமையன்றிப் பிறிதொரு தொடர்பும் இல்லை.

பழைய ஆங்கில வழக்குச் சொற்களிலும் இவ்வேறுபாடு காணப்படும். 'இண்டைட்மெண்டு' என்பது எழுதி வைத்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. 'அப்பீல்' என்பதன் இலத்தீன் மூலம் அழைத்தலைக் குறிக்கும். மேல்மன்றத்திற்குச் செல்லுதலையே நாம் இன்று அப்பீல் என்கிறோம். இடைக்கால இங்கிலாந்திலோ, தீங்குற்றவரோ அவர்தம் உறவினரோ தாமே மன்றேறித் தொடுக்கும் கொலைவழக்கு முதலியனவும் அப்பெயர் பெற்றன. 1215ஆம் ஆண்டின் மகா சாசனம், ஒரு பெண் தொடுக்கும் கொலை அப்பீலின்மேல் ஒருவனைச் சிறைப்படுத்தல், இறந்தவன் அவள் கணவனாயின் மட்டுமே கூடும் என வரையறுத்தது. 1818இல் முடிவுற்ற ஆசுபோர்டு வழக்கிற்குப் பின், 1819இல் நாடாளுமன்றம் கொலை அப்பீல் முறையினை ஒழித்தது. தமிழிலும் முறையீடு என்னும் சொல்லே 'மேல்முறையீடு' ஆயிற்று. இரு மொழியும் ஒரே நெறியிற் சென்றமை வியத்தற்குரியது.

இனிக் காப்பியத்தை நோக்குவோம். கொலைக்களக் காதையில் நிகழ்வது சாட்டுதல். பொற்கொல்லன் சாட்டுகின்றான், கோவலன் அவ்விடத்து இலன். தேவியின் ஊடல் தீர்க்க விரையும் அரசன், கேட்ட அளவில் ஆணையிடுகின்றான். 'கள்வன்' என்னும் பெயர் ஆராய்ச்சிக்கு முன்னரே கோவலன்மேல் ஒட்டப்படுகின்றது. அவன் தோற்றங்கண்டு காவலருள்ளேயே ஐயம் எழுந்தும் அப்பெயர் அகலவில்லை. கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் முந்திக்கொண்டது.

வழக்குரை காதையில் நிகழ்வது முறையீடு. கண்ணகி எதிர்நின்று உரைக்கின்றாள். தன் ஊரும் கணவன் பெயரும் தன் பெயரும் கூறுகின்றாள். அரசனை அவள் விளிக்கும் விளியே, கொன்றமையை அன்று, ஆராயாமையைச் சுட்டுகின்றது. கன்றிழந்த ஆ மணியசைத்த செய்தியை அவள் எடுத்துரைப்பதும் கருதத்தக்கது. அவ்வாவிற்கு மொழியில்லை, எவரையும் குற்றவாளி எனப் பெயரிட அதனால் இயலாது. அது செய்தது நீதியை அழைத்தல் ஒன்றே. முறையீட்டின் தூய வடிவம் அம்மணியோசையாம். பின்னர்க் கண்ணகி சான்று காட்டுகின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். தேவியின் சிலம்பிற் பரல் முத்து என்கின்றான் அரசன். இருவரும் ஒப்பிய சோதனையிற் சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது.

ஈண்டுக் கண்ணகி அரசனைக் கள்வன் என்று கூறினாளல்லள் என்பதை மாணவர் மறத்தலாகாது. அப்பெயரைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவன் பாண்டியனே. பொற்கொல்லன் சாட்டிய சொல் கோவலனை விட்டு நீங்கி, சான்று கண்ட பின்னர், அரசன் வாயாலேயே அரசனை அடைகின்றது. சாட்டுதலால் ஓர் உயிர் வீழ்ந்தது. முறையீட்டால் உண்மை நிலைபெற்றது. முன்னிருந்த எம் வினாவிற்கு இதுவே விடை.

கண்ணகி மதுரையை எரியூட்டினாளே, அஃது எம்முறை என்பார் உளர். அவ்வினா நேரியதே, ஆயின் அது வஞ்சின மாலைக்குரியது. மன்றத்தில் நின்ற அளவும் அவள் வரம்பு கடந்திலள்.

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. நம் நீதிமன்றத் தமிழில் வழக்கிற்கு உட்பட்டோரை 'எதிரி' என்பர். செய்தி எழுதுவோர், தீர்ப்பின் முன்னரே 'குற்றவாளி' என்றும் எழுதிவிடுகின்றனர். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதனைத் தமிழிற் பெயர்ப்போரும் விளக்குவோரும் சொல் தேர்தற்கு முன் இவ்விரு காதைகளையும் ஒருங்கு வைத்துப் பயில்வாராக. பெயர் முந்தி ஆராய்ச்சி பிந்தினால் விளைவது யாதென இளங்கோவடிகள் முன்னரே காட்டியுள்ளார்.