முற்றுகைப் படங்களும் எங்கள் ஆசிரியர் வகுத்த தராதரமும்

செப்புத் தகட்டில் பொறித்த முற்றுகைப் படங்களின் பரம்பரைகளை அங்கத்தினர் அனைவரும் அறிவராதலின், மன்றத் தலைவரவர்களின் ஆக்ஞைக்கிணங்க, அவற்றை எப்படிப் பார்ப்பது என்பது பற்றி மட்டும் சில கூறத் துணிகிறேன்.

ழாக் கலோவை முதலில் வைப்பது நம் சம்பிரதாயம். ஸ்பெயினின் வெற்றியைப் பறைசாற்றுமாறு இளவரசி இஸபெல்லா வேண்ட, பிரேடா முற்றுகையை ஆறு தகடுகளில் பொறித்து 1628-இல் வெளிவரச் செய்த அதே கை, சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு மன்னன் பதின்மூன்றாம் லூயிக்காக லா ரோஷெல் முற்றுகையையும் அதே நேர்த்தியோடு பொறித்தது. வித்தைக்குப் பக்ஷமில்லை, விலை கொடுப்பவருக்கே உண்டு. டச்சுப் பரம்பரையோ நமக்கு அண்மையது. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராயிருந்த பால்டேயஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட நூலின் படங்கள், 1656-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய கொழும்பைக் கண்டி அரசன் இராஜசிங்கனிடம் ஒப்படைக்காமல் தானே வைத்துக்கொண்ட டச்சுக் கம்பெனிக்குப் பெருமை சேர்த்தன. லண்டன்காரர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், அதைக் கண்ணாலும் காணாத கெர் போர்ட்டர் மறு ஆண்டே தீட்டிய பெருந்திரையை, வெண்ட்ராமினி புள்ளி புள்ளியாகத் தகட்டில் இறக்கினார்.

காலடிப்பேட்டையில் எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர், டாக்டர் ஹன்ட்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்தவர். படத்தை விரித்ததும் புகையையும் பீரங்கியையும் ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை எங்கள் கையில் கொடுத்து, "முதல்ல கீழே படி, அப்புறம் மேலே பாரு" என்பார். யாருக்குச் சமர்ப்பணம், எந்த எழுத்து எந்தக் கொத்தளத்தைக் குறிக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று சொல்லி முடித்த பிறகே காகிதம் விலகும்.

இன்று இத்துறையில் உழைப்போர் சிலர், அவர்களுடைய ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை, பெயர் சொல்வதும் நம் மரபன்று, சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று படத்தின் அடியிலும் ஓரத்திலுமுள்ள அந்த எழுத்துப் பட்டையைக் கத்தரித்துவிடுகிறார்கள். அரசனின் ஆணையும், கம்பெனியின் வாதமும், தளபதியின் பெயரும் கத்தரித்த பட்டையோடு குப்பைக்குப் போகின்றன. நாட்காட்டியிலும் இப்படி, சுவரிலும் இப்படி, ஐயோ, விழா மலர்களிலும் இப்படி! நாகரிகமே விளிம்பிலிருந்துதான் நைந்துபோகிறதோ என்று அஞ்சுகிறேன். அண்மையில் ஒரு கண்காட்சியில், ஓரத்து லத்தீன், பிரெஞ்சு விளக்கங்களை இழந்து தொங்கிய லா ரோஷெல் பிரதியைக் கண்ட இளைஞரொருவர், இது எண்ணூர் முகத்துவாரமா என்று என்னிடம் கேட்டார். அவர்மேல் பிழையில்லை. அடுத்த கண்காட்சிக்கு விளிம்பு வெட்டிய பிரதிகளை ஏற்பதில்லை என்று செயற்குழு தீர்மானம் நிறைவேற்றுமாயின், அதை முன்மொழிய நான் சித்தமாயிருக்கிறேன்.