டயருக்குத் தெரியும் மண்

ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும், தார் போடாத வெள்ளைச் சாலையில் டயர் மிதிக்கிற கல்லும், சாலையோரத் திராட்சைக்கொடி வேர்விட்டிருக்கிற கல்லும், அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரில் இருக்கிற கல்லும் ஒரே மலையில் பிறந்தவை. தார்ச்சாலை என்றால் எங்கிருந்தோ வந்து மண்மேல் படுத்துக்கொள்ளும். இங்கே மண்ணே சாலையாக எழுந்து நடக்கிறது. இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் கிடக்கும் கியாந்தி மலைநாட்டில் மண்சாலைக்கென்று அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் ஓட்டுவதன் ருசியெல்லாம் இதில்தான் இருக்கிறது.

அந்த மலைநாட்டில் கல் என்றால் முக்கியமாக இரண்டு. கலேஸ்த்ரோ என்பது ஏடு ஏடாக உரியும் களிக்கல். மழையும் பனியும் பட்டுத் தானாக உதிர்ந்து சில்லுச் சில்லாகிவிடும். அல்பரேசே வெளிறிய, கெட்டியான சுண்ணக்கல். இந்தக் கல்லில் விளைந்த ஒயினுக்கு இன்ன மணம், அந்தக் கல்லில் விளைந்ததற்கு இன்ன திடம் என்று ஒயின் ரசிகர்கள் கோப்பையைச் சுழற்றிச் சுழற்றிச் சொல்வார்கள். என் நாக்குக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஆனால் 40 மில்லிமீட்டர் அகல டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தால், இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும். கலேஸ்த்ரோச் சில்லு நொறுநொறுவென்று அமுங்கிக்கொடுக்கும். சக்கரம் அதில் லேசாகப் புதைந்து உருளும். அல்பரேசே ஜல்லி அமுங்கவே அமுங்காது. டயரின் ஓரத்தில் மாட்டினால் விருட்டென்று தெறித்து ஃபிரேமின் அடியில் ‘டிங்’ என்று ஒரு அடி கொடுத்துவிட்டுப் போகும்.

சாலையைக் குறுக்கே பார்த்தால் இன்னும் சுவாரசியம். நடு உயர்ந்து, இரு ஓரமும் சரிந்து, தண்ணீர் வடிய வாய்க்கால். கார்களும் டிராக்டர்களும் ஓடி ஓடி இரண்டு தடங்கள் வழுவழுவென்று இறுகியிருக்கும்; உதிரிக் கல்லெல்லாம் நடுவிலும் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும். தடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏறக்குறைய தார்ச்சாலை சுகம். தடம் மாறுகிற அந்த ஒரு விநாடியில்தான், கல் மேட்டைத் தாண்டும்போது, முன்சக்கரம் யார் பேச்சையும் கேட்காது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கையைத் தளர்த்திவிட்டால் சைக்கிள் தானே வழி கண்டுகொள்ளும்.

இறக்கங்களில் சாலையின் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். பல்லெல்லாம் ஆடுகிற அந்த அதிர்வைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அது எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் வளைவுக்குச் சற்று முன்னால், எல்லா வண்டியும் பிரேக் பிடிக்கிற இடத்தில். அதாவது, இதற்கு முன் போன அத்தனை பேரும் எங்கே பயந்தார்களோ அதைச் சாலை எழுதி வைத்திருக்கிறது. வரிமேடு தொடங்கியதா, அப்போதே வேகத்தைக் குறைத்துவிடு. வளைவுக்குள் போய்ப் பிரேக்கைத் தொடாதே. அறிவிப்புப் பலகைகூட இவ்வளவு நேர்மையாக எச்சரிப்பதில்லை.

அகல டயரை வேகத்துக்காகப் பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கண்ணுக்குச் செய்யும் உபகாரம்தான் பெரிது. மெல்லிய டயரில் மண்சாலைக்கு வந்தால் முன்னால் இரண்டு மீட்டரை விட்டுப் பார்வை நகராது. ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அகல டயர் சின்னக் கல்லையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. தலை நிமிர்கிறது. நிமிர்ந்த பிறகுதான் திராட்சைத் தோட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிகிறது.

அதையும் ஏற்றத்தில் பார்க்க வேண்டும். சாலை கொடி வரிசைகளுக்குக் குறுக்கே போகும்போது, ஒவ்வொரு வரிசைச் சந்தும் திறந்து மலைச்சரிவின் அடிவரை காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். காரில் போனால் அது வெறும் கோடுகளின் ஓட்டம். மணிக்கு எட்டுக் கிலோமீட்டரில், மூச்சு வாங்க, பின்சக்கரம் வழுக்கிவிடக் கூடாதே என்று இருக்கையைவிட்டு எழாமல் மிதித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு சந்தும் தனித்தனிப் படம். குலைக்கு வெயில் படட்டும் என்று கீழ் இலைகளைக் கிள்ளி எடுத்திருப்பது தெரியும். மிஞ்சிய குலை நன்றாகப் பழுக்கட்டும் என்று கோடையில் பச்சையாகவே வெட்டித் தள்ளிய குலைகள் மண்ணில் கிடப்பது தெரியும். சில தோட்டங்களில் வரிசைத் தலைப்பில் ரோஜாச் செடி நிற்கும். சாம்பல் நோய் கொடிக்கு வருமுன் ரோஜாவில் தெரிந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. இன்று பெரும்பாலும் அழகுக்குத்தான். கொடி மட்டும் அநேகமாக எல்லா இடத்திலும் சாஞ்சோவேசே. ப்ரோலியோ கோட்டையின் பிரபுவும் இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவருமான பெத்தீனோ ரிக்காசோலி, கியாந்தி ஒயினுக்கு அந்தத் திராட்சையே ஆதாரம் என்று 1872இல் ஒரு கடிதத்தில் விளக்கி வைத்தார். மந்திரிசபையைவிட அந்தக் கடிதத்துக்கு ஆயுள் நீளம்.

படங்களில் கியாந்தி என்றால் திராட்சையும் சைப்ரஸ் மரமும்தான். உண்மையில் ஒயின் புட்டியில் கருஞ்சேவல் முத்திரை போடும் கியாந்தி கிளாசிக்கோ வட்டாரத்தில் பெரும்பகுதி காடு. ஓக், செஸ்ட்நட், நடுநடுவே பைன். தோட்டத்தின் கண்கூசும் வெளிச்சத்திலிருந்து காட்டுக்குள் நுழைந்தவுடன் முழங்கை சில்லிடும். டயரின் சத்தம் சட்டென்று அடங்கும். கல்மேல் ஓக் இலை மக்கிப் படிந்திருக்கிறது. ஓரத்து மண்ணைக் காட்டுப்பன்றி மூக்கால் கிளறிப் போட்டிருக்கும். அக்டோபரில் செஸ்ட்நட்டின் முள்ளுறை சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். கால் கிலோமீட்டர் போனால் மறுபடி வெயில், மறுபடி கொடி. இப்படி மாறி மாறி வருவதுதான் பாதையின் தாளம். மலை உயரத்தை நம்பி ஏமாறக் கூடாது: கியாந்தி மலைகளின் உச்சியான மோந்தே சான் மிக்கேலே வெறும் 892 மீட்டர். ஆனால் சமதளம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஏறி இறங்கியே தொடை வெந்துவிடும்.

இந்தச் சாலைகள் தப்பிப் பிழைத்ததற்கு ஒரு சைக்கிள் விழாவுக்கும் பங்குண்டு. எல்லாவற்றுக்கும் தார் பூசிவிடுவார்கள் என்ற கவலையில் ஜான்கார்லோ ப்ரோச்சி 1997இல் கயோலே இன் கியாந்தியில் ‘லெரோய்க்கா’வைத் தொடங்கினார். முதல் ஆண்டு நூறு பேர்கூடத் தேறவில்லை. இன்று அக்டோபரில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், 1987க்கு முந்தைய சைக்கிளோடு. கியர் மாற்றும் நெம்பு ஃபிரேமின் சாய்குழாயில் இருக்க வேண்டும், பெடலில் வார் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. விடியுமுன் கிளம்புகிறவர்களுக்காக ப்ரோலியோ ஏற்றத்தின் ஓரங்களில் விளக்கு வைக்கிறார்கள். நடுவழியில் நிறுத்தினால் ரிபொல்லீத்தா என்ற ரொட்டி சேர்த்த கறுப்பு முட்டைக்கோஸ் சூப்பும் ஒயினும். நம் கிராவல் சைக்கிளுக்கு அன்றைக்கு இடமில்லை. மனத்தாங்கல் வேண்டாம், அந்த 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தரமாக வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள், ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கிறது.

பாதை தெற்கே சியேனாவைத் தாண்டியதும் நாடே வேறு. கிரேத்தே செனேசி என்ற களிமண் மேடுகள். காடும் இல்லை, கொடியும் அரிது, கோதுமை வயல்தான். சாலை சாம்பல் வெளுப்பு. கல் சிறுத்து மாவாகிவிடுகிறது, டயர் சத்தம் சீறலாக மாறுகிறது. உலர்ந்திருக்கும்வரை இதைவிட வழுவழுப்பான சுகம் வேறில்லை. மழை பெய்தால் அதே மண் கேப்பைக் களியாகி டயரில் சுற்றிக்கொண்டு, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். 2010இல் ‘ஜீரோ’ என்ற இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தில் மோந்தால்சீனோவுக்குப் போன கட்டத்தில் மழை அப்படி வெளுத்து வாங்கியது. வென்ற கேடல் எவன்ஸ் போட்டிருந்தது உலகச் சாம்பியனின் வானவில் சட்டை என்று சேற்றுக்கு நடுவே கண்டுபிடிக்கவே சிரமமாக இருந்தது.

இந்த மேடுகளில்தான் 2007 முதல் நடக்கும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ பந்தயத்தின் தலைவிதி தீர்மானமாகிறது. மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் மண்பகுதியில்தான் 2024இல் சைக்கிள் வீரர் போகாச்சார், இலக்குக்கு இன்னும் 81 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் வென்றார். பந்தயத்தைத் தொலைக்காட்சியில் ரசிக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் போகிறவர்களுக்குச் சாலை ஒரு தடை மட்டுமே. அதே ஏற்றத்தில், மிகச் சின்ன கியரில், இரண்டு இடத்தில் காலை ஊன்றி நின்று ஏறுகிறவருக்குத்தான் மண்ணின் நிறம் வளைவுக்கு வளைவு மாறுவது கண்ணில் படும்.

போவதென்றால் ஏப்ரல் கடைசியில் போகலாம்: கொடியில் இலை துளிர்த்திருக்கும், கிரேத்தே பச்சைப் பசேலென்று இருக்கும். பழமும் காட்டு மணமும் வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி. ஆகஸ்டு மட்டும் வேண்டாம். வெயில் போகட்டும், வாடகைக் கார்கள் வரிசையாகக் கிளப்பிவிடும் புழுதியில் கொடியும் தெரியாது, காடும் தெரியாது.