குப்பத்துக் கட்டுமரம்

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. திறந்த மணற்கரையில் அலை நேரே வந்து மோதும். அந்த அலையைக் கடக்கவே கட்டுமரம் உருவானது. இதில் ஆணி கிடையாது. கனமில்லாத மரத்துண்டுகளை வாச்சியால் செதுக்கி, ஓரத்து மரங்கள் நடுமரத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும்படி அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகப் பிணைப்பார்கள். அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நீரை இறைக்கும் வேலையே இல்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். இத்தனை எளிய பொருளில் இத்தனை தெளிந்த அறிவு இருப்பது வியப்புக்குரியது.

மரம் நீர் குடித்தால் கனக்கும். அதனால் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தோளில் சுமந்து மேட்டு மணலில் காயவைப்பது வழக்கம். அதற்குள் பெண்கள் மீனைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்குக் கிளம்பியிருப்பார்கள். கிடைத்ததில் வலைக்கும் மரத்துக்கும்கூடத் தனிப் பங்கு உண்டு.

சென்னைத் துறைமுகம் வருவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களை அலை தாண்டிக் கொண்டுசேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள்தாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெரும்பாலான குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. கரையோரத்தில் தனியாளாகத் தூண்டில் போடுவோர் சிலர் இன்றும் கட்டுமரத்தையே தள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள்.