மரத்துக்குள் ஒரு மெழுகு

போச்சம்பள்ளிச் சந்தையில் மத்தியான வெயிலில் கிடக்கும் மம்பட்டியைத் தொட்டுப் பாருங்கள். தகடு சுடும், காம்பைத் தாராளமாகப் பிடிக்கலாம். காம்பும் சூடுதான், ஆனால் மரம் அதைக் கைக்கு மெதுவாகத்தான் விடும். எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிட மரம்தான் அதிக வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

இந்தக் குணத்தைப் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள் ஸ்டாக்ஹோம் கேடிஎச் பல்கலைக்கழகத்தில். அங்குள்ள ஆய்வாளர் செலின் மொன்டனாரி 2019-இல் அறிவித்த வேலை அது. பிர்ச் மரப்பலகையிலிருந்து ஒளியை உறிஞ்சும் லிக்னினை நீக்கிவிட்டு, மரத்தின் நுண்துளைகளில் அக்ரிலிக்கையும் பாலிஎத்திலீன் கிளைக்காலையும் நிரப்புகிறார்கள். இரண்டாவது ஒன்றும் அபூர்வச் சரக்கில்லை, மலச்சிக்கல் மருந்திலேயே இருக்கிறது! மெழுகுபோன்ற அது சுமார் 26 டிகிரியில் உருகும். பலகையைக் கட்டடத்தில் பதித்தால், பகலில் உருகும்போது வெப்பத்தை விழுங்கும். இரவில் உறையும்போது திருப்பித் தரும். எனக்குப் பிடித்தது அதன் தோற்றம்தான்: குளிர்ந்திருக்கையில் பால்போல் மங்கல், சூடேறினால் தெளிவு. பலகையைப் பார்த்தே வெப்பத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் 26 டிகிரி ஸ்வீடன் கணக்கு. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சித்திரையில் ராத்திரிகூட அந்த மெழுகு சரியாக உறையாது. உறையாவிட்டால் மறுநாள் வெப்பத்தை வாங்க அதில் இடமிருக்காது. ஆனால் அந்தப் பாலிஎத்திலீன் கிளைக்காலின் மூலக்கூறுச் சங்கிலி நீண்டால் உருகுநிலையும் ஏறும். 37 டிகிரியை ஒட்டி உருகும் வகையும் உண்டு. தகரக் கூரை போட்ட நம் பட்டறைகளுக்கு அதைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.