கெசாகிச்சியின் பாட்டு

இமாமுராவின் ‘நராயாமா’ படத்தை (1983) எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிட்டபோது அழாதவர்கள் குறைவு. மகன் தத்சுஹெய் தாய் ஓரினை முதுகில் சுமந்து மலையேறுகிறான், எலும்புகளுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டுத் திரும்புகிறான், பனி பெய்கிறது. தாயன்பு, தியாகம் என்று பேச்சு ஓடியது. பேரனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவனை விட்டுவிட்டு இந்தப் பிரதியை எனக்கு வாசிக்க முடியாது.

ஷிச்சிரோ ஃபுகாசவா 1956இல் எழுதிய மூலக்கதையில், 70 வயதானால் மலைக்குப் போயாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஓரினுக்கு 69. பல்வரிசை அப்படியே இருக்கிறது. தானியத்தை எண்ணித் தின்கிற ஊரில் கிழவிக்கு முழுப் பல் இருப்பது மானக்கேடு. பேரன் கெசாகிச்சி, பாட்டிக்கு 33 பல் என்று பாட்டுக் கட்டி ஊரைச் சிரிக்கவைக்கிறான். கிழவி கல்லில் மோதிப் பல்லை உடைத்துக்கொள்கிறாள். பயல் கொடியவன் என்று ஒதுக்கிவிட்டால் வாசிப்பு சுலபமாகிவிடும். ஆனால் அது குதிருக்குள்ளிருந்து வருகிற குரல். பஞ்சத்தின் சட்டம் கிழவியிடம் நேராகப் பேசக் கூசி, அவள் மடியில் வளர்ந்தவனின் வாயை இரவல் வாங்கிக்கொள்கிறது.

என் அப்பத்தா படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பத்து வயசு. பார்க்க வருகிறவர்கள் ரொட்டி வாங்கி வருவார்கள். அவளுக்குத் தொண்டையில் இறங்காது. ‘ஏ அய்யா, நீ தின்னு’ என்று தலைமாட்டிலிருந்து எடுத்து நீட்டுவாள். அப்பத்தா இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடக்கட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ரொட்டிக்காகவா, அவளுக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அடுப்படியில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டதை நானே அவளிடம் போய்ச் சொன்னேன்: ‘அப்பத்தா, நீ எப்பப் போவேன்னு கேக்காக.’ சிரித்தாள். அன்று ராத்திரியிலிருந்து கஞ்சியைத் தள்ளிவிட்டாள். ஆறாம் நாள் முடிந்துபோனது. கெசாகிச்சியை எனக்குத் தெரியும் என்று சொல்வது இதனால்தான்.

எங்கள் விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தல் (விடிகாலையில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி இளநீர் கொடுப்பது) பற்றிப் பேச்சு வந்தால் தோழர்கள் வறுமை என்பார்கள். வீட்டாரோ ‘கெழவியே போதும்னுருச்சு’ என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. கிழவி ‘போதும்’ என்று சொல்வதற்கு முன்னால் அவள் காதில் என்ன விழுந்தது, யார் வாயிலிருந்து விழுந்தது என்பதைத்தான் இரண்டு சொல்லாடல்களுமே விட்டுவிடுகின்றன.

கதையில் பேரனின் பெண் மாட்சு பிள்ளையுண்டாகியிருக்கிறாள். கொள்ளுப்பேரனைக் காணும்வரை உயிரோடிருப்பது அந்த ஊரில் இன்னொரு அவமானம். ஆக, பிறக்கப்போகிற சிசுதான் கிழவிக்கு நாள் குறிக்கிறது. (நம்மூரில் கொள்ளுப்பேரனைக் கண்டவர்க்குக் கனகாபிஷேகம். வசதியுள்ள வீடுகளில் மட்டும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.)

இமாமுரா இங்கே கை வைக்கிறார். மாட்சுவைத் திருட்டுக் குடும்பத்துப் பெண்ணாக்குகிறார். ஊரார் அந்தக் குடும்பத்தை உயிரோடு புதைக்கப்போகிற ராத்திரி, தெரிந்தே, ஓரின் அவளைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவைக்கிறாள், வயிற்றுப் பிள்ளையோடு. கெசாகிச்சி கதறுகிறான். தியாகம் என்று பேசிய நண்பர்கள் இந்தக் காட்சியை எங்கே வைத்துக்கொண்டு அழுதார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பாட்டியின் பாசத்துக்கும் பல் உண்டு என்று காட்டிய துணிச்சலுக்காக இமாமுராவை மெச்சலாம். ஆனாலும் எனக்கு ஃபுகாசவாவின் முடிவுதான் தாங்கமுடியாதது. அங்கே குற்றவாளி என்று கைநீட்ட ஆளில்லை. தத்சுஹெய் மலையிலிருந்து வீடு திரும்புகிறான். மாட்சு கிழவியின் இடுப்புக்கச்சையைக் கட்டியிருக்கிறாள். பேரன் அவளுடைய பஞ்சுவைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பனி பெய்துவிட்டது, பாட்டிக்கு அதிர்ஷ்டம் என்கிறான். இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.